பலூனில் ஏறும் தொலைநோக்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வானியல் கேமராவையும் தொலைநோக்கியையும் ராட்சத பலூனில் கட்டி, 35 கி.மீ. உயரத்துக்கு அனுப்பிச் சோதிக்கிறார்கள் என்று சொன்னதும் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். கருவி செய்கிறவர்கள், மாணவர்கள், சும்மா ஆர்வத்தில் கேட்பவர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து இங்கே பதில்கள்.

மலை உச்சியில் வைத்தால் போதாதா? பலூன் எதற்கு?

மலை உச்சி நல்ல இடம்தான். ஆனால் 4 கி.மீ. உயர மலையில் ஏறி நின்றாலும் காற்றில் பாதிக்கு மேல் இன்னும் நம் தலைக்கு மேலேதான் இருக்கிறது. 36 கி.மீ. உயரத்தில் அது அரை சதவீதமாகச் சுருங்கிவிடும். அழுத்தம் அங்கே சுமார் 5 மில்லிபார். நீராவி அநேகமாக முழுவதும் கீழேயே நின்றுவிடும். அதனால் தரைக்கு எட்டாத தொலை அகச்சிவப்புக் கதிர்கள் அங்கே கிடைக்கின்றன. கடின எக்ஸ் கதிரும் காமா கதிரும் அப்படித்தான். ஓசோனில் பெரும்பகுதியைத் தாண்டிவிடுவதால் 200 நானோமீட்டரை ஒட்டிப் புற ஊதாவிலும் ஒரு குறுகிய சாளரம் திறக்கிறது.

எல்லாமே கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். மென் எக்ஸ் கதிரை அந்த அரை சதவீதக் காற்றே விழுங்கிவிடும். அதற்கு ராக்கெட் அல்லது செயற்கைக்கோள்தான்.

கண்ணுக்குத் தெரியும் ஒளி தரைக்கே வருகிறதே, அதில் என்ன லாபம்?

படம் கூர்மையாக இருக்கும். தரையில் எவ்வளவு பெரிய தொலைநோக்கி வைத்தாலும், காற்றின் கொந்தளிப்பு நட்சத்திரத்தைச் சுமார் ஒரு ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு) அகலத்துக்குக் கலைத்துவிடும். கொந்தளிப்பில் ஏறக்குறைய முழுவதும் பலூனுக்குக் கீழே இருப்பதால், மேலே ஆடியின் அளவுதான் கூர்மையின் எல்லை.

இது பழைய யோசனை. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வானியலாளர் மார்ட்டின் ஷ்வார்ட்ஸ்சைல்டு குழு 1957-லேயே ஸ்ட்ராட்டோஸ்கோப் 1 என்ற 30 செ.மீ. தொலைநோக்கியைப் பலூனில் ஏற்றி, சூரியப் பரப்பின் குருணைகளை அதுவரை யாரும் பார்க்காத தெளிவில் படம் பிடித்தது. அப்போது ஃபிலிம்தான். 1 மீட்டர் ஆடி கொண்ட சன்ரைஸ் சூரியத் தொலைநோக்கி 2009, 2013, 2024 ஆண்டுகளில் சுவீடனின் கிருனா அருகிலிருந்து பறந்தது. சூப்பர்பிட் என்ற அரை மீட்டர் தொலைநோக்கி 2023-ல் நியூசிலாந்தின் வனாகாவிலிருந்து கிளம்பி, தென் அரைக்கோளத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, விண்மீன் பேரடைக் கொத்துகளைச் சுமார் 40 நாள் படம் எடுத்தது.

வெற்றிட அறையில் வைத்துச் சோதித்துவிட்டோம். அப்புறம் எதற்குப் பறக்க வேண்டும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் பெரும்பாலும் நிதி தருகிறவர்கள்.

வெற்றிட அறை ஒரு நேரத்தில் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். குளிர வைக்கலாம், சூடாக்கலாம், காற்றை உறிஞ்சலாம். ஆனால் ஒரு பக்கம் முழு வெயில், மறுபக்கம் கருவானம், கீழே மேகத்திலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சம், கருவியே கயிற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் ரேடியோ அலைபரப்பி முழு வேகத்தில் ஓடுகிறது, கேமரா நிஜ நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும்: இத்தனையும் ஒரே நேரத்தில் எந்த அறையிலும் நடக்காது. பல கருவிகள் தனித்தனிப் பகுதிகளாகத் தேறிவிட்டு, சேர்ந்து வேலை செய்யும்போதுதான் தடுமாறுகின்றன. மோட்டார் திரும்பும்போதெல்லாம் படத்தில் கோடு விழும். வெயில் பக்கம் மாறினால் குவியம் நகரும். அலைபரப்பி பேசத் தொடங்கியதும் உணரியின் இரைச்சல் கூடும். இவற்றைப் பிடிக்கத்தான் பறக்கிறோம்.

பலூனால் சோதிக்க முடியாததையும் சொல்லிவிட வேண்டும். ராக்கெட்டின் அதிர்வு இங்கே கிடையாது. எடையின்மை கிடையாது, ஆடி தன் எடையில் தொய்வது தரையில் போலவே இருக்கும். ஆண்டுக்கணக்கில் கதிர்வீச்சு பட்டு உணரி சேதமடைவதை இரண்டு நாள் பறப்பு காட்டாது. "பலூனில் பறந்துவிட்டது, எனவே விண்வெளிக்குத் தயார்" என்று யாராவது எழுதினால், எந்தெந்தச் சோதனைக்குத் தயார் என்று திருப்பிக் கேளுங்கள்.

விண்வெளியைவிடப் பலூன் உயரம் சுலபம்தானே?

சில விஷயங்களில் கடினம். உயர் மின்னழுத்தம் அதற்கு நல்ல உதாரணம். சாதாரணக் காற்று நல்ல மின்காப்பு. முழு வெற்றிடமும் அப்படித்தான். நடுவில் இருக்கும் மெல்லிய காற்றுதான் ஆபத்து. பாஷென் விதிப்படி, காற்றில் அழுத்தமும் இடைவெளியும் ஒரு குறிப்பிட்ட பெருக்கத்தில் சேரும்போது சுமார் 330 வோல்ட்டிலேயே மின்பொறி பாயத் தொடங்கும். 5 மில்லிபாரில் அந்த மோசமான இடைவெளி ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். அதாவது, ஒரு சாதாரண கனெக்டரின் இரண்டு பின்களுக்கு நடுவில் இருக்கும் தூரம்! ஒளிப்பெருக்கிக் குழாய், எக்ஸ் கதிர் உணரி என்று ஆயிரம் வோல்ட் கேட்கும் எதுவும் அங்கே தன்னைத்தானே எரித்துக்கொள்ளலாம்.

தீர்வு இரண்டு விதம். மின்வழங்கியை முழுக்கப் பிசினில் வார்த்து, காற்றே நுழையாமல் மூடுவது ஒன்று. தரை அழுத்தத்தோடு மூடிய பெட்டிக்குள் வைப்பது இன்னொன்று. பிசினில் ஒரு சின்னக் காற்றுக்குமிழி சிக்கினாலும் பொறி அங்கேயே பாயும். அதனால் வார்ப்பை வெற்றிடத்தில் செய்வார்கள். இப்படிப் பாதுகாக்காத எதையும் பறக்கும்போது உயிர்ப்பிக்கக் கூடாது.

மேலே குளிர் அதிகமா, சூடா?

இரண்டும். பலூன் நொடிக்குச் சுமார் 5 மீட்டர் வேகத்தில் ஏறும். மிதக்கும் உயரத்தை எட்ட இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். வழியில் வளிமண்டலத்தின் அடி அடுக்கின் மேல் எல்லையைத் தாண்டும்போது வெப்பநிலை மைனஸ் 50 முதல் மைனஸ் 80 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். அங்கே காற்று இன்னும் கொஞ்சம் கனமாகவே இருப்பதாலும், பலூன் ஏறிக்கொண்டே இருப்பதாலும், அந்தக் குளிர்காற்று கருவியை உரசிக்கொண்டு போகும். பேட்டரி சோர்வதும், கிரீஸ் இறுகி மோட்டார் மாட்டிக்கொள்வதும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

மேலே போனதும் கதை தலைகீழ். காற்று இல்லாததால் மின்விசிறி பயனில்லை. கணினியின் சூடு வெளியேற உலோகப் பட்டையும் கதிர்வீச்சும்தான் வழி. மேசை மேல் நன்றாக ஓடிய கணினி மைனஸ் 30 டிகிரிச் சூழலில் சூடு தாங்காமல் நின்றுபோவது முதல் முறை கேட்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். வெள்ளைப் பூச்சும் அலுமினியம் பூசிய மைலார் தாளும், கருவிகளைச் சுமந்து தொங்கும் கூடான கோண்டோலாவைச் சுற்றிப் பளபளப்பது அழகுக்காக அல்ல.

படத்தைப் பொறுத்தவரை உண்மையான எதிரி வெப்பநிலை அல்ல, வெப்பநிலை வேறுபாடு. ஆடியின் ஒரு ஓரம் மற்றதைவிட இரண்டு, மூன்று டிகிரி சூடானால் வடிவம் கெடும். குழாய் சுருங்கினால் குவியம் தப்பும். எனவே தூரத்திலிருந்தே குவியத்தைச் சரிசெய்யும் மோட்டார் கட்டாயம் வேண்டும். ஈரப்பதம் தனித் தொல்லை: தரையில் உள்ளே சிக்கிய நீராவி மேலே போகும் வழியில் கண்ணாடியில் உறைபனியாகப் படியும். புறப்படும் வரை உலர்ந்த நைட்ரஜனை உள்ளே செலுத்திக்கொண்டிருப்பது அதற்காகத்தான்.

கயிற்றில் தொங்கும் தொலைநோக்கி ஆடாதா? படம் எப்படித் தெளிவாக வரும்?

ஆடும். பலூனுக்கும் கோண்டோலாவுக்கும் இடையே பாராசூட்டும் கம்பிவடமுமாகச் சுமார் நூறு மீட்டர் இருந்தால், அது 20 நொடிக்கு ஒரு முறை ஊசலாடும். தொட்டில் போல மெதுவான ஆட்டம். அதனால்தான் சமாளிக்க முடிகிறது. போதாக்குறைக்குப் பலூன் தன்னைத்தானே மெல்லச் சுற்றிக்கொண்டும் இருக்கும்.

கட்டுப்பாடு அடுக்கடுக்காக இருக்கும். கோண்டோலாவில் ஒரு கனமான சக்கரம் சுழலும். அதை வேகப்படுத்தினால் கோண்டோலா எதிர்ப்பக்கம் திரும்பும். சேர்ந்துபோகும் சுழற்சியை மேலே இருக்கும் திருப்பு மோட்டார் பலூன் பக்கம் தள்ளிவிடும். எங்கே பார்க்கிறோம் என்பதை நட்சத்திரக் கேமரா சொல்லும். அதன் இரண்டு படங்களுக்கு நடுவே ஜைரோக்கள் என்ற சுழற்சி உணரிகள் கணக்கு வைக்கும். கடைசி அடுக்காக, கேமராவுக்கு முன்னால் ஒரு சின்ன ஆடி நொடிக்குப் பலமுறை அசைந்து எஞ்சிய நடுக்கத்தை அழிக்கும்.

சூப்பர்பிட் இதை மிக நுட்பமாகச் செய்தது. ஒன்றுக்குள் ஒன்றாகத் திரும்பும் மூன்று சட்டகங்கள், உள்ளே அசையும் ஆடி என்று சேர்த்து, கேமராவில் விழும் படத்தை ஒரு ஆர்க்செகண்டின் சிறு பின்னத்துக்குள் நிமிடக்கணக்கில் நிறுத்தி வைத்தது. ஆனால் முதல் பறப்பிலேயே அது வந்துவிடவில்லை. 2015 முதல் 2019 வரை கனடாவின் டிம்மின்ஸிலிருந்தும் டெக்சாசின் பாலஸ்டைனிலிருந்தும் சோதனைப் பறப்புகள் நடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பலவீனத்தைக் கண்டுபிடித்து, அடுத்ததில் சரிசெய்தார்கள். பலூன் சோதனையின் பெரிய வசதியே இதுதான் என்பேன்: கருவி திரும்பி வரும், கையில் எடுத்துத் திருத்தலாம்.

பகலில் நட்சத்திரக் கேமராவுக்கு நட்சத்திரம் தெரியுமா?

தெரியும். 36 கி.மீ. உயரத்தில் வானம் நம் கண்ணுக்குக் கறுப்பு. கேமராவுக்கு அது முழுக் கறுப்பு அல்ல, கொஞ்சம் நீலச் சிதறல் மிச்சம் இருக்கும். சிவப்பு வடிகட்டி போட்டு, நீளமான ஒளித்தடுப்புக் குழாயும் வைத்தால் பட்டப்பகலிலும் நட்சத்திரங்கள் கிடைக்கும். நேர் மேலே மட்டும் பார்க்க முடியாது. நூறு மீட்டருக்கு மேல் அகலமான பலூன் அங்கே மறைத்துக்கொண்டிருக்கும்.

எடுத்த படங்களில் வெள்ளைப் புள்ளிகளும் கோடுகளும் நிறைய இருக்கின்றனவே?

அண்டக்கதிர்கள். அவை வளிமண்டலத்தில் மோதி உண்டாக்கும் துகள் மழை சுமார் 20 கி.மீ. உயரத்தில் உச்சத்தில் இருக்கும். பலூன் அதைத் தாண்டித்தான் மிதக்கிறது என்றாலும், தரையைவிடப் பல மடங்கு அதிகமாகவே உணரியில் விழும். ஒரு நீண்ட எக்ஸ்போஷருக்குப் பதில் பல குறுகிய படங்கள் எடுத்துச் சேர்த்தால், ஒரே படத்தில் மட்டும் இருக்கும் புள்ளியை நீக்கிவிடலாம். ஷட்டரை மூடிய இருட்டுப் படங்களை மேலேயே எடுத்து வையுங்கள். தரையில் எடுத்தவை அந்த வெப்பநிலைக்கும் அந்தத் துகள் மழைக்கும் பொருந்தாது.

இடமும் முக்கியம். பூமியின் காந்தப்புலம் துருவங்கள் அருகே அண்டக்கதிர்களை உள்ளே விடும், நிலநடுக்கோடு அருகே தடுக்கும். எக்ஸ் கதிர் உணரிகளுக்கு ஐதராபாத்தில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் பலூன் தளம் சாதகமாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

என்ன மாதிரிப் பலூன்? எவ்வளவு நேரம் நிற்கும்?

வழக்கமானது, அடியில் திறந்திருக்கும் சம அழுத்தப் பலூன். சமையலறைப் பை அளவே தடிமன் உள்ள, 20 மைக்ரான் சுமாரான பாலிஎதிலீன் படலம், உள்ளே ஹீலியம். பெரியவை பத்து லட்சம் கனமீட்டரைத் தாண்டும், டன் கணக்கில் தூக்கும். இரவில் வாயு குளிர்ந்து சுருங்குவதால் பலூன் இறங்கும். தாங்கிப்பிடிக்க எடைத்துகள்களைக் கொட்ட வேண்டும், அது தீர்ந்தால் பறப்பும் முடிந்தது. அதனால் சாதாரண இடங்களில் ஓரிரு நாள்தான். அண்டார்டிகாவின் கோடையில் சூரியன் மறையாது, காற்றும் துருவத்தைச் சுற்றியே வீசும். அங்கே வாரக்கணக்கில் பறக்கலாம். 2023 டிசம்பர் 31-ல் அங்குள்ள மெக்மர்டோ ஆய்வு நிலையத்தின் அருகிலிருந்து கிளம்பிய கஸ்டோ தொலைநோக்கி 57 நாள் தாண்டியது. முழுக்க மூடிய மிகை அழுத்தப் பலூன் இரவிலும் உயரம் இழக்காது. வனாகாவிலிருந்து பறப்பவை அந்த வகை.

சோதனைப் பறப்பில் எதை அளக்க வேண்டும்?

புறப்படுவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டிய பதில் இது. அழகான படம் வந்ததா என்பது சோதனை அல்ல. படம் கெட்டால் ஏன் கெட்டது என்று சொல்ல முடிகிறதா என்பதே சோதனை.

அதற்கு ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அந்த நொடியின் ஆடி வெப்பநிலைகள், உணரி வெப்பநிலை, மோட்டார் மின்னோட்டம், ஜைரோ அளவுகள், அழுத்தம், அலைபரப்பியின் நிலை எல்லாம் ஒரே கடிகாரத்தில் பதிவாக வேண்டும். இந்தக் கடிகார விஷயத்தை எல்லோரும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவார்கள். மூன்று கணினிகள் மூன்று நேரம் காட்டினால், நடுக்கம் மோட்டாரால் வந்ததா, காற்றால் வந்ததா என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது. வெப்பமானிகளை வாரி இறையுங்கள். எடையும் குறைவு, விலையும் குறைவு.

தேர்ச்சி எண்களையும் முன்பே முடிவு செய்யுங்கள். இத்தனை எலக்ட்ரானுக்குள் படிப்பு இரைச்சல் (உணரியிலிருந்து படத்தைப் படிக்கும்போது சேரும் இரைச்சல்), இத்தனை நிமிடத்துக்கு இத்தனை ஆர்க்செகண்ட் நிலைத்தன்மை, குவியம் இத்தனை மைக்ரானுக்குள். பறந்து முடிந்த பிறகு எண்ணை எழுதினால் எல்லாக் கருவியும் தேறிவிடும். மிதக்கும் நேரம் குறைவு என்பதால் வேலைகளுக்கு வரிசையும் வேண்டும்: முதல் ஒரு மணி நேரத்தில் பறப்பு முடிந்துபோனாலும் கையில் எது இருக்க வேண்டுமோ, அது முதலில்.

தரவு எப்படிக் கீழே வருகிறது?

36 கி.மீ. உயரத்திலிருந்து தொடுவானம் 650 கி.மீ.க்கு மேல். அதற்குள் நேரடி ரேடியோ போதும். அப்புறம் செயற்கைக்கோள் இணைப்புதான், அதில் முழுப் படங்களை அனுப்புவது கடினம். ஆகவே முழுத் தரவும் கோண்டோலாவிலேயே சேமிக்கப்படும். பழைய ஹார்ட் டிஸ்குகளின் தலை காற்று மெத்தையில் மிதப்பதால், அவற்றை அழுத்தப் பெட்டிக்குள் வைக்க வேண்டியிருந்தது. எஸ்எஸ்டி வந்ததும் அந்தத் தலைவலி போனது.

சேமித்தது கிடைக்குமா என்பது வேறு கேள்வி. 2006-ல் அண்டார்டிகாவில் பறந்த பிளாஸ்ட் தொலைநோக்கி இறங்கிய பிறகு பாராசூட் கழன்று விழவில்லை. காற்று அதைப் பனியில் சுமார் 200 கி.மீ. இழுத்துச் சென்றது. தொலைநோக்கி நொறுங்கியது, டிஸ்குகள் இருந்த பெட்டி மட்டும் தேடிக் கண்டெடுக்கப்பட்டது. சூப்பர்பிட் குழு இதற்கு வேறு வழி வைத்திருந்தது: தரவின் நகலைச் சின்ன கேப்சூல்களில் வைத்து, தனிப் பாராசூட்டில் நடுவழியிலேயே கீழே போடுவது. 2023-ல் அர்ஜென்டினாவில் அப்படி விழுந்த இரண்டும் மீட்கப்பட்டன. தொலைநோக்கி இறங்கும்போது சேதமானதால், அந்த ஏற்பாடு வெறும் முன்ஜாக்கிரதையாக நிற்கவில்லை.

அப்படியானால் ஒவ்வொரு முறையும் உடையுமா?

இல்லை, பெரும்பாலும் பழுதுபார்த்து மறுபடி பறக்கிறார்கள். பறப்பை முடிக்கக் கட்டளை அனுப்பினால் வடம் வெட்டப்படும், பாராசூட் விரியும். அந்த உதறல்தான் மோசம். கோண்டோலாவை 10 ஜி (புவியீர்ப்பைப் போல் பத்து மடங்கு) வரை தாங்கும்படி வடிவமைப்பார்கள். தரையைத் தொடும் அடிக்கு அட்டைத் தேன்கூட்டு மெத்தைகள், அவை நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும்.

பலூனில் பறந்துவிட்டு விண்வெளிக்குப் போன தொழில்நுட்பம் உண்டா?

நிறைய. பூமரேங் என்ற பலூன் தொலைநோக்கி 1998-ன் கடைசி நாட்களில் அண்டார்டிகாவைச் சுற்றிப் பறந்து, பிரபஞ்சம் தட்டையானது என்பதற்கு வலுவான சான்று கொடுத்தது. அதில் பறந்த சிலந்திவலை வடிவ போலோமீட்டர் (கதிர் பட்டுச் சூடேறுவதை அளக்கும் உணரி) வகை பிளாங்க் செயற்கைக்கோளில் இடம்பிடித்தது. பிளாங்கின் குளிர்விப்பு முறை ஆர்க்கியாப்ஸ் பலூனில் முன்பே ஓடிப் பார்த்தது. பிளாஸ்டின் உணரிகள் ஹெர்ஷல் விண்வெளித் தொலைநோக்கியின் ஸ்பயர் கேமராவுக்கு முன்மாதிரி. 2005-ல் பறந்த ஹெஃப்ட் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் வழியில் வந்ததுதான் 2012-ல் ஏவிய நூஸ்டார் செயற்கைக்கோள்.

எனக்குப் பிடித்தது காஸி. அதன் முன்னோடியான என்சிடி என்ற காமா கதிர்த் தொலைநோக்கி, 2010-ல் ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஏவும்போதே தவறிப்போய், தரையில் இழுபட்டு, நின்றிருந்த ஒரு காரைப் புரட்டிப்போட்டது. யாருக்கும் காயமில்லை. குழு அதைத் திரும்பக் கட்டி, காஸி என்று பெயர் மாற்றி, 2016-ல் வனாகாவிலிருந்து பறக்கவிட்டது. 46 நாள் கழித்துப் பெருவில் இறங்கியது. 2021-ல் நாசா அதைச் செயற்கைக்கோளாகத் தேர்ந்தெடுத்தது.

பலூனே சொதப்பினால் சோதனை வீண்தானா?

முழுக்க வீண் அல்ல. ஃபயர்பால்-2 புற ஊதாக் கருவி 2018-ல் நியூ மெக்சிகோவின் ஃபோர்ட் சம்னரிலிருந்து பறந்தபோது பலூனில் ஓட்டை விழுந்து உயரம் தங்கவில்லை. தொய்ந்த படலத்தில் பட்ட நிலவொளி தொலைநோக்கிக்குள்ளேயே சிதறியது. அறிவியலுக்கு அது பெரிய அடி. ஆனால் கருவியின் உணரியும் குறிநோக்கும் மேலே இயங்கிய விதம் பதிவானது, சிதறொளியைத் தடுக்க என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்தது.

சின்ன மாணவர் குழுவால் முடியுமா?

முடியும். அமெரிக்காவில் 2006 முதல் பறக்கும் ஹாஸ்ப் என்ற மேடை மாணவர் கருவிகள் பலவற்றை ஒரே பெரிய பலூனில் கொண்டுபோகிறது. ஐரோப்பாவில் கிருனாவிலிருந்து பறக்கும் பெக்சஸ் அதே மாதிரி.

வானிலைத் துறையினர் விடும் ரப்பர் பலூன் இன்னும் மலிவு. ஓரிரு கிலோ தூக்கி, 30 கி.மீ. பக்கம் போய் வெடித்துவிடும். மேலே மிதக்காது, கண்டபடி சுழலும். அதில் நட்சத்திரத்தைக் குறிபார்க்க ஆசைப்படாதீர்கள். கேமரா குளிரில் ஓடுகிறதா, எஸ்டி கார்டு எழுதுகிறதா, கண்ணாடியில் பனி படிகிறதா, ஜிபிஎஸ் 18 கி.மீ.க்கு மேலும் இடம் சொல்கிறதா என்று பார்க்க அது போதும். கடைசியில் சொன்னதை வாங்கும்போதே விசாரியுங்கள், சில மலிவு ஜிபிஎஸ் சில்லுகள் அந்த உயரத்தில் வாயை மூடிக்கொள்ளும். பலூன் விட உங்கள் நாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் அனுமதியும் வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கும் வேலையைக் கருவி முடியும் வரை தள்ளிப்போடாதீர்கள், பல நேரம் கருவியைவிட அதுதான் தாமதமாகும்.